வாய்க்கொழுப்பும் ஒரு பேனரும்

சிம்ரனுக்கு வாய்க்கொழுப்புன்னு பேர் வெச்சது ஊர்க்காரங்க. பெத்தவ வெச்ச பேர்ல ஒரு விசேஷமும் இல்ல, அந்த வருஷம் பொறந்த பாதிப் பொண்ணுங்களுக்கு அதே சினிமாக்காரி பேர்தான். ஆனா வாய்க்கொழுப்பு இருக்குதே, அது அவளே சம்பாதிச்சது. பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார், "காலனிப் பசங்கல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் வந்திருக்குது"ன்னாரு. இவ எழுந்து நின்னு, "சார், ஊர்ப் பசங்கல்லாம் எழுந்திருங்கன்னு நீங்க எப்ப சார் சொல்லுவீங்க?"ன்னா. அன்னிக்கு ஆரம்பிச்சது. அப்புறம் ரேஷன் கடையில, கம்பெனி பஸ்சுல, கல்யாணப் பந்தியில, போற எடமெல்லாம் அதே பேச்சு: "தர்மன் பொண்ணுக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்திப்பா."

அதனால அவளும் சந்தோஷ்குமாரும் சேர்ந்து பாட்டுக் கட்ட ஆரம்பிச்சப்போ, இன்னா பேர் வெக்கலாம்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "அதான் ஏற்கெனவே வெச்சுட்டாங்களே"ன்னா.

ரெண்டே பேர்தான். சிம்ரன் செகண்ட் ஹேண்டு எலக்ட்ரிக் கிட்டார் அடிச்சுக்கினு பாடுவா. பாடுவான்னு ஒரு மரியாதைக்குச் சொல்றேன், கத்துவா. சந்தோஷ்குமார் அடுத்த தெரு, பொழப்புக்கு பேண்ட் செட்ல டிரம்ஸ். சாவு, கல்யாணம், அம்மன் ஊர்வலம்னு எதுக்குக் கூப்பிட்டாலும் போவான். இவ பகல்ல ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில காருக்குள்ள போற ஒயரை வகை பிரிச்சுக் கட்டுற வேலை, காண்ட்ராக்ட்தான். சின்ன காஞ்சிபுரத்துல ஒரு நெசவுக்காரர் தறியை மாடிக்கு மாத்திட்டு கீழ் ரூமைச் சும்மா போட்டு வெச்சிருந்தாரு, அதுல இவங்க பிராக்டிஸ். தறிக்குழிக்குள்ள காலைத் தொங்கப் போட்டுக்கினு சந்தோஷ் அடிப்பான். மேல தறிச் சத்தம், கீழ இவங்க சத்தம், அந்த மனுஷன் ஒரு நாளும் முணுமுணுத்தது கெடையாது.

அவங்க வேலை செய்யற விதம் ஒண்ணு இருக்குது, அதைச் சொல்லிடணும். ஒன், டூ, த்ரீன்னு எண்ணி ஆரம்பிக்கிறதெல்லாம் கெடையாது. சந்தோஷ் கண்ணை மூடிக்கினு குச்சியைத் தூக்கிப் புடிச்சுக்கினு இருப்பான். சிம்ரன் மொத வார்த்தையைக் கத்தினா போதும், அடி இடி மாதிரி விழும். அவளுக்கு எப்போ கோவம் வருதோ அப்போதான் பாட்டு.

சென்னைப் பசங்க சில பேர் வந்து கேட்டுட்டு, "நீங்க பண்றது பங்க் மியூசிக்கு, வெளிநாட்டுல இது பெரிய விஷயம்"னாங்க. சிம்ரன், "அங்கயும் பொணம் பொதைக்கப் போக வழி இல்லியா?"ன்னு கேட்டா. அவங்க சிரிச்சாங்க. இவ சிரிக்கல.

சிரிக்கிற விஷயமா அது? தாமல் போற ரோட்டை விட்டு உள்ள தள்ளி இருக்குது இவங்க காலனி. பொணத்தைப் பொதைக்கிற எடம் வயலுக்கு அந்தாண்ட. பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து வாய்க்கால் கரை மேல தூக்கிக்கினு போவாங்க. மயில்வாகனம்னு ஒருத்தர், முன்னாடி பஞ்சாயத்துத் தலைவரா இருந்தவரு, இப்ப ரியல் எஸ்டேட், கட்சி, எல்லாம். ரெண்டு பக்க வயலையும் வாங்கி, கரையையும் சேர்த்துக் கம்பி வேலி போட்டு, மயில் கார்டன்னு போர்டு மாட்டிட்டாரு. ஏன்பா இப்படின்னு கேட்டா கோவப்பட மாட்டாரு. தோள்ல கையைப் போட்டு, "பாத்துக்கலாம் தம்பி, நான் இல்லியா"ம்பாரு. அந்தச் சிரிப்பை எங்க இருந்துதான் வாங்கினு வந்தாரோ!

வேலி வந்த பொறவு பொணம் வாய்க்காலுக்குள்ள எறங்கித்தான் போவணும். வெயில் காலத்துல பரவாயில்ல. போன கார்த்திகை மழையில சிம்ரனோட அப்பா தர்மன் செத்தாரு. வாலாஜாபாத் ரைஸ் மில்லுல மூட்டை தூக்கின மனுஷன். ஊர் பாரமெல்லாம் தூக்கினவரைத் தூக்கிக்கினு போவ அடி வெக்க எடமில்ல. பொம்பளைங்க வரக்கூடாதுன்னாங்க, வாய்க்கொழுப்பு கேக்குமா? பின்னாடியே எறங்கிட்டா. நட்ட நடு வாய்க்கால்ல முன்னாடி தூக்கினவன் கால் சேத்துல பொதைஞ்சுது. பாடை சரிஞ்சுது. தர்மன் தண்ணியில விழுந்தாரு. செத்த மனுஷன் ஓடற தண்ணியில கவுந்து போறாரு, பெத்த பொண்ணு பாய்ஞ்சு காலைப் புடிச்சு இழுக்குறா. அந்தப் பாதம் எப்படி வழுக்குச்சுன்னு அவ இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. கழுவி, மறுபடி கிடத்தி, தூக்கிக்கினு போய்ப் பொதைச்சாங்க. இதை வூட்ல இருந்த அவ அம்மா ரேணுகாம்பாளுக்கு யாரும் சொல்லல.

அவளுக்குத் தெரிஞ்சதே பாட்டுலதான்.

*வழி விடு வழி விடு, பொணம் வருது வழி விடு*
*எங்கப்பன் இன்னா நீச்சல் கத்துக்கினா செத்தான்?*
*கம்பி நட்டவனே, கரையைத் தின்னவனே*
*நீயும் ஒரு நாள் படுத்துக்கினுதான் போவே!*

மொத வாட்டி கேட்டதும் ரேணுகாம்பாள் மவ கன்னத்துல ஒண்ணு வுட்டா. அப்புறம் அவளையே கட்டிக்கினு அழுதா. "சொல்லியிருக்கக் கூடாதாடி? தண்ணியிலயாடி வுழுந்தாரு?"ன்னு கேட்டதையே கேட்டுக்கினு இருந்தா. அன்னிக்கு சிம்ரன் அம்மா கையைப் புடிச்சுக்கினு ஒண்ணு சொன்னா. வருஷம் திரும்புறதுக்குள்ள கரையைத் தொறக்க வெப்பேன், அப்பாவுக்கு வருஷப் படையலை அவரு படுத்திருக்கிற எடத்துலயே, நீ உன் காலால நடந்து வந்து போடுவேன்னா. மனு குடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. இனிமே பாட்டுதான்னு அவ நம்பினா. சத்தியமா நம்பினா, பாவி.

சென்னைப் பசங்க உதவியில பாட்டெல்லாம் ரெக்கார்டு பண்ணி ஆல்பமா வந்துது. பேரு 'பொணம் வருது'. ரேணுகாம்பாள், "நல்ல பேர் கெடைக்கலியா?"ன்னு தலையில அடிச்சுக்கினா. வெயில் காலத்துல டூர் கெளம்பினாங்க. டூருன்னதும் ஏசி பஸ்சை நெனச்சுக்காதீங்க. சந்தோஷோட மாமன் ஷேர் ஆட்டோ, பின்னாடி டிரம்ஸ், மடியில கிட்டார். வாலாஜாபாத்துல ஒரு மண்டபத்துக்குப் பின்னாடி, அரக்கோணத்துல ஒரு சங்கத்து ஹால்ல, வேலூர்ல காலேஜ் பசங்க நடுவுலன்னு போச்சு. லீவு போட்டுக்கினே இருந்ததுல கம்பெனி சூப்பர்வைசர் வேற கரிச்சுக் கொட்டினாரு.

சென்னையில ஒரு மாடி ஹாலு. நல்ல கூட்டம், நல்ல சத்தம். பாட்டு முடிஞ்சதும் கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு ஓடி வந்து சிம்ரனைக் கட்டிப் புடிச்சு விக்கி விக்கி அழுதா. இன்னொருத்தர், "செம்ம பவர்ஃபுல், ரொம்ப ரா, அப்படியே பச்சையா இருக்குது"ன்னாரு. வழி விடுங்கற வரியை டி-ஷர்ட்ல போடலாமான்னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் நல்லவங்கதான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா அத்தினி பேர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தக் கரை எந்த ஊர்ல இருக்குது, இப்ப இன்னா நெலைமைன்னு கேக்கல. திரும்பி வர்றப்போ சிம்ரன் சந்தோஷ்கிட்ட சொன்னா: "இவங்க காதுல வுழுந்து இன்னாடா ஆவப் போவுது? அந்த ஆளு காதுல வுழணும். கடைசி ஷோ நம்ம காலனியில வெக்கலாம்."

ஆடி மாசம் வெக்கறதா முடிவாச்சு. காலனி இளைஞர் மன்றத்துக்குச் செயலாளர் கதிர்வேல். அக்கா ஷோவை நான் ஜமாய்ச்சுடறேன்னு எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கினான். கதிர்வேல் நல்ல பையன். அதான் பிரச்சினையே.

ஷோ அன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்சுல வந்துக்கினு இருக்கா. ரோட்டுத் திருப்பத்துல பஸ்சே ஓன்னு கத்துது. பாத்தா ஆளு ஒசரத்துக்குப் பேனர். கிட்டாரோட சிம்ரன், குச்சியோட சந்தோஷ்குமார், நடுவுல நெருப்பு. 'மண்ணின் கலைஞர்களை வாழ்த்தி வரவேற்கிறோம்.' அதுக்கு மேல, அவங்க ரெண்டு பேரை விடப் பெருசா, வெள்ளைச் சட்டையில கும்பிட்டுக்கினு சிரிக்கிறாரு மயில்வாகனம்.

சிம்ரன் பஸ்சுல இருந்து குதிச்சு, பேனருக்குக் கீழ நின்ன கதிர்வேலைப் புடிச்சா.

"இன்னாடா இது?"

"இன்னாக்கா, உன் போட்டோ சரியில்லியா? இன்ஸ்டாவுல இருந்துதான் எடுத்தேன்," கதிர்வேல் மூஞ்சியெல்லாம் பல்லு.

"மேல யாருடா?"

"அண்ணன்."

"பாட்டு யாரைப் பத்திடா, நாயே?"

கதிர்வேல் ஒரு நிமிஷம் யோசிச்சான். நெஜமாவே யோசிச்சான். "அக்கா, பாட்டு பாட்டு. பேனர் பேனர். வாலிபால் மேட்ச்சுக்கு யாரு பேனர்? மஞ்சத்தண்ணிக்கு யாரு? உங்கப்பா கண்ணீர் அஞ்சலிக்கு யாரு போட்டது? பேனர்னா அண்ணன்கிட்டதான போவோம், வேற யாருகிட்ட போறது? நான் எதுவும் சொல்லவே இல்ல, பிரிண்ட் கடைக்காரன் அவனே அண்ணன் போட்டோவை மேல வெச்சுட்டான். மைக் செட்டு, ஜெனரேட்டரு, சாமியானா எல்லாம் அவருதான். பிரியாணிகூடச் சொல்லியிருக்காரு."

அவனைத் திட்டி இன்னா பிரயோஜனம்? இந்தப் பக்கம் பேனர் இல்லாம காது குத்த மாட்டாங்க, பேனர்ல மயில்வாகனம் இல்லாம யாரும் வயசுக்கு வர மாட்டாங்க. யாருக்கு எதிரா ஷோன்னு அவனுக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சுக்கினேதான் போய்க் கேட்டான். கை தானாப் பழகிப் போச்சு.

சிம்ரன் பேனரைக் கிழிக்கப் போனா. சந்தோஷ்தான் குறுக்க வந்தான். "கிழி. எனக்கும் ஆசைதான். ஆனா மைக்கும் போயிடும், ஷோவும் போயிடும். அவரு காதுல வுழணும்னுதான சொன்னே? வராரும்மா. மொத வரிசையில வந்து உக்காரப் போறாரு. மூஞ்சிக்கு நேரா நின்னு பாடு. அதுக்கு மேல இன்னா வேணும்?"

அது அவளுக்குச் சரின்னு பட்டுது. எனக்கும் பட்டிருக்கும். மேடை அவனோடதுன்னா இன்னா, வாய் நம்மளோடதுதானேன்னு நெனச்சா.

வெளக்கு வெக்கிற நேரத்துக்கு ஆரம்பிச்சுது. காலனியே கூடியிருந்துது. ரேணுகாம்பாளுக்கு முன்னாடி சேர் போட்டிருந்தாங்க, அவளுக்கு ரெண்டு சேர் தள்ளி மயில்வாகனம். சிம்ரன் மேடை ஓரத்துக்கு வந்து, அந்த ஆளையே பாத்துக்கினு கத்தினா. கழுத்து நரம்பு பொடைச்சுக்கினு நிக்குது. கம்பி நட்டவனேன்னு வெரலை நீட்டிக் கேட்டா. கரையைத் தின்னவனேன்னு கேட்டா. மயில்வாகனம் தொடையில தாளம் போட்டாரு. நீயும் படுத்துக்கினுதான் போவேன்னப்போ, பக்கத்துல இருந்தவன் காதுல, "பொண்ணுக்கு இன்னா தொண்டைப்பா!"ன்னாரு. வேணும்னு பண்ற நக்கல்கூட இல்ல அது. நெஜமாவே ரசிச்சாரு. அதைப் பாத்தப்போதான் சிம்ரனுக்கு மொத மொதல்ல பயம் வந்துது.

பாட்டு முடிஞ்சதும் அவரே மேடைக்கு ஏறிட்டாரு. பொன்னாடையைப் பிரிச்சாரு. சிம்ரன் பின்னால நகர்ந்தா. அவரு சிரிச்சுக்கினே கீழ எறங்கிப் போய் அதை ரேணுகாம்பாள் தோள்ல போத்தினாரு. தாலி அறுத்தவ தோள்ல ஊர் முன்னாடி ஒருத்தன் பட்டு போத்துறான், அவ கையெடுத்துக் கும்பிடாம இன்னா பண்ணுவா? கும்பிட்டா. அத்தினி செல்போனும் மேல தூக்கினாங்க.

அப்புறம் மைக்கைப் புடிச்சாரு. "பாப்பா பாட்டைக் கேட்டேன். மனசு தாங்கல. இது எம் பொண்ணு எங்கிட்ட வெச்ச கோரிக்கை மாதிரி. இனிமே இந்தக் காலனியில எந்தப் பொணமும் தண்ணியில எறங்கக் கூடாது. ஒரு ஃப்ரீசர் பாக்ஸு, ஒரு சொர்க்க ரத வண்டி, என் சொந்தச் செலவுல! வூட்டு வாசல்ல ஏத்தினா நேரா காஞ்சிபுரம் மின் மயானம். ஜம்முனு போகலாம்!"

விசில் பறந்துது. வயசானவங்க எல்லாம் கையைத் தூக்கிக் கும்பிட்டாங்க. "நம்ம சனம் பொதைக்கிற சனமாச்சேப்பா"ன்னு ரேணுகாம்பாள் மட்டும் மெல்லமாச் சொன்னா. பக்கத்துல இருந்தவளுக்குக்கூடக் கேக்கல.

சிம்ரனுக்குப் புரிஞ்சு போச்சு. கேட்டது வழி. குடுக்கறது வண்டி. வண்டி வந்துட்டா வழி எதுக்கு? பாய்ஞ்சு போய் மைக்கைப் புடுங்கினா. அது பாட்டு இல்லீங்க, சத்தியமா பாட்டு இல்ல. பெத்த அப்பனைத் தண்ணியில புடிச்சு இழுத்தவ, ஒரு மனுஷன் மூஞ்சியைப் பாத்து, கெஞ்சலும் கோவமுமா, வண்டி வேணாம்யா, வழி விடுன்னு கேக்க வந்தா. வாயில மொதல்ல வந்தது "வழி விடு!"

பின்னாடி சந்தோஷ்குமார் கண்ணை மூடிக்கினு உக்காந்திருந்தான். கேட்டதும் குச்சி விழுந்துது.

அவ்வளவுதான். கூட்டமே எகிறிக் குதிச்சுது. வழி விடு வழி விடுன்னு காலனியே கத்துது, பசங்க சட்டையைக் கழட்டிச் சுத்துறானுங்க, கதிர்வேல் கண்ணுல ஆனந்தக் கண்ணீர். "வேணாம், நிறுத்து, நான் சொல்றதைக் கேளுங்க!"ன்னு சிம்ரன் கத்தக் கத்த, அது பாட்டுல ஒரு வரி மாதிரியே போய்ச் சேருது. மயில்வாகனம் ரெண்டு கையையும் தூக்கிக்கினு ஆடினாரு. நல்லாத்தான் ஆடினாரு.

அந்த வீடியோ ஆல்பத்தை விட அதிகமா ஓடுச்சு. "எதிரியையும் ஆட வெச்ச பாட்டு"ன்னு சென்னைப் பசங்க பெருமையாப் போட்டாங்க. கரைக்கு வழி கேட்டுப் போனா, "அதான் வண்டி குடுத்தாச்சே, நீங்களே மேடையில சந்தோஷமா ஏத்துக்கினீங்களே, வீடியோ இருக்குதே"ன்னு பதில் வந்துது. காலனிக்காரங்களே சொன்னாங்க, "போதும்டி, வந்த வண்டியையும் கெடுத்துடாதே."

சந்தோஷ் ரெண்டு நாள் கழிச்சு வூட்டு வாசல்ல வந்து நின்னான். "கை தானா வுழுந்துடுச்சு சிம்ரா."

"தெரியும்டா."

"திட்டேன், ஏதாவது."

அவ திட்டல. அவனுக்கு அதுதான் தாங்கல. சண்டை ஒண்ணும் இல்ல, யாரும் பிரியறேன்னு சொல்லவும் இல்ல. பிராக்டிஸுக்குக் கூப்பிட்டா வருவா, கிட்டாரை மாட்டிக்கினு நிப்பா, ஆனா மொத வார்த்தை வராது. அவன் குச்சியைத் தூக்கிப் புடிச்சுக்கினு காத்துக்கினே இருப்பான். கொஞ்ச நாள்ல அவனும் பேண்ட் செட்டோட போயிட்டான். சொர்க்க ரதம் போறப்போ முன்னாடி அடிக்கிறது அவன் செட்டுதான். ஆடுற பசங்க எந்தப் பாட்டைக் கேப்பானுங்கன்னு நான் சொல்லணுமா? அவனும் அடிக்கிறான். சோறு திங்கணுமே.

கார்த்திகை வந்துது. தர்மனுக்கு வருஷம். வண்டி வந்ததுல இருந்து யாரையும் அங்க பொதைக்கல, எல்லாரையும் வண்டி ஏத்தியாச்சு. சும்மாக் கெடக்கிற எடம்தானேன்னு மயில் கார்டன்காரங்க அதையும் வேலிக்குள்ள இழுத்துட்டாங்க. மனை விக்கணும்னா பார்க் ஒண்ணு காட்டணுமாமே, பேப்பர்ல அது பார்க் ஆயிடுச்சாம். பொணம் பொதைச்ச எடத்தை எப்படிய்யான்னு எங்கிட்டக் கேக்காதீங்க. கேக்க வேண்டிய எடத்துல அவ கேட்டுப் பாத்துட்டா.

சிம்ரன் லீவு போட்டா. ரேணுகாம்பாள் விடிகாலையில எழுந்து கருவாட்டுக் கொழம்பு, முட்டை, வடைன்னு அவருக்குப் புடிச்சதெல்லாம் பண்ணிக் கூடையில வெச்சா. வாய்க்கால் வழியாப் போக முடியல, தண்ணி. ரோட்டைச் சுத்திக்கினு மயில் கார்டன் கேட்டுக்குப் போனாங்க. அங்க செக்யூரிட்டி பழனி, பக்கத்துக் காலனி ஆளுதான். சிம்ரனைப் பாத்ததும் சேரை விட்டு எழுந்துட்டான்.

"யக்கா! நீங்களா! எங்க வூட்டுப் பசங்க தெனம் உங்க பாட்டுதான்கா."

"கேட்டைத் தொற பழனி. எங்கப்பாவுக்குப் படைச்சுட்டு ஒடனே வந்துடறோம்."

அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "கேமரா இருக்குதுக்கா. வுட்டா என் வேலை போயிடும். புள்ளைக்குட்டிக்காரன்கா." கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சான். அப்புறம் வெக்கமாக் கேட்டான், "யக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, ஒரே ஒரு செல்ஃபி எடுத்துக்கட்டுமா?"

அந்த எடத்துல பழைய சிம்ரனா இருந்தா இன்னா பேசியிருப்பா! ரேணுகாம்பாள்தான், "நில்லுடி, ஆசையாக் கேக்குறான்ல"ன்னா. நின்னா. எடுத்துக்கினான்.

அப்புறம் ரெண்டு பேரும் வேலி ஓரமாவே நடந்து, அந்தப் பக்கம் போய் கம்பியைப் புடிச்சுக்கினு எட்டிப் பாத்தாங்க. மேடு பள்ளமெல்லாம் நெரவி செம்மண் கொட்டியிருந்துது. தலைமாட்டுல நட்டு வெச்சிருந்த கல்லு ஒண்ணுகூட இல்ல. நட்ட நடுவுல, கொழந்தைங்க வெளையாட மஞ்சள் கலர்ல ஒரு சறுக்கு மரம்.

ரேணுகாம்பாளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கம்பியில மூஞ்சியை அழுத்திக்கினு கேட்டா: "எந்த எடம்டி உங்கப்பன்? நீதான அன்னிக்குக் கூட வந்தே? உனக்குத் தெரியும்ல?"

சிம்ரன் பாத்தா. எங்க பாத்தாலும் ஒரே செம்மண்ணு. அவளுக்குத் தெரியல. ஆனா அம்மா கேட்டுக்கினே இருந்தா.

"தெரியும்மா"ன்னா. "அதோ, மஞ்சளாத் தெரியுது பாரு, அங்கதான்."

ரேணுகாம்பாள் கூடையை வேலிக்குக் கீழ வெச்சு, எலையைப் போட்டுப் பரிமாறினா. கற்பூரம் ஏத்தி, அந்தச் சறுக்கு மரத்தைப் பாத்து ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டா.